குக்கர் அம்மாவுக்கு எத்தனை மார்க்?

சேலையூர் கேம்ப் ரோட்டில், மூடிக் கிடக்கும் ஒரு செருப்புக் கடையின் படிக்கட்டில், சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ் சினிமாவின் தலையெழுத்து எழுதப்படும். எழுதுபவர்கள் நான்கு பேர்: ஜெர்சன், கெசியா, சூர்யா, நான். நால்வரும் ஒரே வகுப்பில் பி.காம். படித்தவர்கள். பி.காம். படித்தவர்களுக்கு ஒளிப்பதிவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் எதிர்க்கடையிலிருந்து வந்த டீ ஆறிவிடும். ஆகவே யாரும் கேட்டதில்லை.

ஜெர்சனின் அப்பா ஹெட்மாஸ்டர், அம்மா டீச்சர். மார்க் போடுவது அவனுக்கு ரத்தத்திலேயே வந்தது. புள்ளி வைத்துத்தான் போடுவான். ஆறு என்று சொன்னால் அவன் மரியாதை குறைந்துவிடும், ஆறு புள்ளி இரண்டு. கெசியா ஒரு கம்பெனியில் எச்.ஆர். யாரையும் திட்ட மாட்டாள், 'இன்னும் கொஞ்சம் பெட்டரா பண்ணியிருக்கலாம்' என்பாள். வேலையை விட்டுத் தூக்கும்போதும் அதையேதான் சொல்வாள் என்று நினைக்கிறேன். சூர்யா சேலையூரின் பழைய குடும்பம். அவன் தாத்தா நெல் விளைத்த இடத்தில் அவன் அப்பா இப்போது வாடகை விளைக்கிறார். நாங்கள் உட்காரும் படிக்கட்டும் அவர்களுடையதுதான். அதனால் அவன் மார்க்கில் யாரும் குறை சொல்வதில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம். படம் பார்க்காதவர் ம்யூட். டீ கிளாஸ் காலியாகும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மற்ற மூவரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். முதல் மூன்று வாரம் நான் ம்யூட்டாக உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான்காவது வாரம் ஞானையாவைக் கண்டுபிடித்தேன்.

ஞானையா யூடியூபில் விமர்சனம் செய்பவர். பத்து நிமிடத்தில் கதை, குறை, நிறை, மார்க் எல்லாம் கையில் கொடுத்துவிடுவார். பெரும்பாக்கத்தில் பஸ் ஏறினால் சேலையூர் வருவதற்குள் மூன்று படம் 'பார்த்து' முடித்துவிடலாம். இரண்டு வருடத்தில் நான் தியேட்டரில் பார்த்த படம் ஐந்து. மார்க் போட்ட படம் அறுபதுக்கு மேல். ஒருமுறைகூட மாட்டவில்லை. நான் கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. அவர்களும் அதே ஞானையாவைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஹெட்மாஸ்டர் வீட்டுப் பிள்ளை இதற்கெல்லாம் பொய் சொல்வானா என்ற மரியாதை. வீட்டில் முதல் ஆளாக டிகிரி வாங்கியவர்களுக்கு வரும் வியாதி அது. மற்றவர்கள் எல்லாரும் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் பரீட்சைக்கு வந்திருக்கிறார்கள் என்று நம்பித் தொலைப்போம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வீடு பெரும்பாக்கத்தில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பில், ஏழாவது மாடி. அதை நான் மறைத்ததே இல்லை. ஆனால் நான் "பெரும்பாக்கம்" என்று சொல்லும்போதெல்லாம் கெசியா, "ஓ, மேடவாக்கம் சைடு" என்று அன்போடு திருத்துவாள். மூவரில் ஒருவரும் இதுவரை வந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் எங்கள் பிளாக்குக்கு ஒரு வேன் வந்தது. 'நீலத் தகரம்' என்று ஒரு படம். குடிசைகளை இடிப்பதைப் பற்றிய கதை. இடிபடுகிற ஜனமாக நிற்க முப்பது பேர் வேண்டுமாம். அதற்கு எங்களைவிட அனுபவசாலிகள் கிடைப்பார்களா? என் அம்மா சாமுண்டீஸ்வரி, பக்கத்து வீட்டு வினிதா அக்கா எல்லாரும் ஏறிப் போனார்கள். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு பொட்டலில் செட் போட்டிருந்தார்கள். நாங்கள் ஆற்றங்கரையில் இருந்த நிஜக் குடிசையைவிட அந்த சினிமாக் குடிசை உறுதியாக இருந்ததாக அம்மா சொன்னாள்.

அம்மாவின் கையில் ஒரு அலுமினியப் பானையைக் கொடுத்து ஓடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அசிஸ்டென்ட் டைரக்டரிடம் கேட்டிருக்கிறாள்: "இத்தயா தூக்கினு ஓடுவாங்க? வண்டி வந்து நின்னா குக்கர்தான் தம்பி மொதல்ல." தயாளன் என்ற அந்த அசிஸ்டென்ட் நல்ல பையன். டைரக்டரிடம் போய்ச் சொல்ல, அவருக்கும் பிடித்துப்போய், மறுநாள் அம்மா எங்கள் வீட்டுக் குக்கரையே எடுத்துக்கொண்டு போனாள். ஐந்து லிட்டர். கைப்பிடியில் திருகு போய்க் கம்பி கட்டியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் குடிசையை இடித்த அன்று, பாதி வெந்த பருப்போடு அம்மா தூக்கிக்கொண்டு ஓடிய அதே குக்கர். நான் ஏழாம் வகுப்புப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"அழச் சொன்னாங்கோ, அழுதேன்," என்றாள் அம்மா, படப்பிடிப்பு முடிந்து வந்து. "கட்டுன்னாங்கோ. எனக்குத்தான் கட் ஆவல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். யூனிட்டே கை தட்டியதாம்.

அதிலிருந்து படம் ரிலீஸாகும் வரை எங்கள் மாடியில் வேறு பேச்சே இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குத் தாம்பரத்துக்கு எட்டுப் பேராகப் போவது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். நான் என் கூட்டத்தில் மூச்சு விடவில்லை. அவர்களாகப் பார்க்க வேண்டும். ஜெர்சன் தன் புள்ளியை எல்லாம் வைத்து முடித்துவிட்டு, "யாருப்பா அந்த லேடி?" என்று அவனாகக் கேட்க வேண்டும். அப்போது டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, மெதுவாக, "எங்கம்மா" என்று சொல்ல வேண்டும். பல மாதங்களாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த வசனம் அது.

வியாழக்கிழமை சாயங்காலமே ஞானையாவின் வீடியோ வந்துவிட்டது. பத்திரிகையாளர்களுக்குப் போட்ட காட்சியில் பார்த்துவிட்டாராம். நானும் அம்மாவும் சேர்ந்து பார்த்தோம். ஏழாவது நிமிடத்தில் சொன்னார்: "புல்டோசர் முன்னாடி ஒரு அம்மா குக்கரைக் கட்டிப் புடிச்சு அழறாங்க. கொஞ்சம் ஓவர் மக்களே. வீடு இடியுது, அந்த நேரத்துல யாராவது குக்கரைத் தூக்குவாங்களா? லாஜிக்கே இல்ல."

அம்மா அதை நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். "என்னியத்தான்டி சொல்றான்!"

"திட்றாம்மா."

"திட்டட்டும். பாத்துக்கீறான் இல்ல?"

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அம்மாவிடம் சொல்லாமல், காலைக் காட்சிக்குத் தனியாகப் போனேன். தியேட்டரில் என்னைச் சேர்த்துப் பத்தொன்பது பேர். புல்டோசர் வந்தது. தூசி பறந்தது. அடுத்த ஷாட்டில் கதாநாயகன் கண் சிவந்து நின்றான். சிவந்த கண்ணையே ரொம்ப நேரம் காட்டினார்கள். அம்மா வரவில்லை. குக்கரும் வரவில்லை. எழுத்தெல்லாம் ஓடி முடிந்து, பெருக்க வந்தவர் என் காலருகில் பெருக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து தயாளனுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ப்ரெஸ் ஷோவுல லெங்த்துனு சொல்லிட்டாங்க. நேத்து ராத்திரி பதினோரு நிமிஷம் தூக்கிட்டாங்க. அம்மா சீன் அதுல போச்சு," என்றான். "எந்தத் தியேட்டர்லயும் இல்லக்கா. அம்மாகிட்ட நா எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லிடுங்க."

பதினோரு நிமிடம். அந்தக் கண்ணில் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்.

நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "வினிதாவோட மேடவாக்கம் மார்க்கெட் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள். நான்கு மணி நேரம் சுற்றிவிட்டு ஒரு கட்டுக் கீரைகூட இல்லாமல் இருவரும் திரும்பி வந்தார்கள். நான் என் பொய்யைக் கட்டிக்கொண்டிருந்த மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் எடுத்துவிட்டேன்.

"ஞாயித்துக்கெழம டிக்கெட் கெடைக்கலம்மா. ஹவுஸ்ஃபுல்."

"அப்டியா," என்றாள் அம்மா. "நல்லா ஓடுதுன்னு சொல்லு."

சனிக்கிழமை ஆறு மணி. படிக்கட்டு. டீ வந்தது.

"அஞ்சு புள்ளி நாலு," என்று ஆரம்பித்தான் ஜெர்சன். "இன்டென்ஷன் நல்லா இருக்கு. எக்ஸிக்யூஷன் வீக்."

"எனக்கு விஷுவலா புடிச்சுது," என்றாள் கெசியா. "பட், கஷ்டத்தையே காட்டிக் காட்டி டயர்ட் பண்ணிட்டாங்க. இன்னும் கொஞ்சம் பெட்டரா பண்ணியிருக்கலாம்."

"ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே மச்சான்," என்றான் சூர்யா. "அந்தக் குக்கர் மேட்டர் வந்துச்சு பாரு, நா அவுட்டு."

என் கிளாஸ் பாதி வழியில் நின்றது. "எந்தக் குக்கர்?"

"இன்னா தமிழு," என்று என்னைப் பார்த்தான் சூர்யா, "படம் பாத்தியா இல்லியா? ம்யூட்ல போடணுமா ஒன்ன? புல்டோசர் முன்னாடி ஒரு அம்மா குக்கரக் கட்டிப் புடிச்சினு அழுவும்ல?"

"கொஞ்சம் ஓவர்," என்றான் ஜெர்சன். "வீடு இடியுது, அந்த நேரத்துல யாராவது குக்கரைத் தூக்குவாங்களா? லாஜிக்கே இல்ல."

ஒரு எழுத்து மாறவில்லை. 'மக்களே'வை மட்டும் விட்டுவிட்டான்.

"எங்க பாத்தீங்க?" என்றேன்.

"தாம்பரத்துலதான். நேத்து நாங்க மூணு பேரும். ஒனக்குக்கூடப் போன் பண்ணலாம்னு நெனச்சோம்," என்றாள் கெசியா.

"கூட்டம்?"

"செம க்ரவுட்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வந்ததுதான் கோபம். அம்மா தூக்கிக்கொண்டு ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாராவது தூக்குவார்களா என்று கேட்கிற இவன் வீட்டில் யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்களா? 'அந்த சீனே படத்தில் இல்லைடா' என்று ஒரு வரி சொன்னால் போதும், மூன்று பேரும் மாட்டுவார்கள். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் அம்மாவும் மாட்டுவாள். அவள் அழுததை டிக்கெட் வாங்கிய ஒரு ஆள்கூடப் பார்க்கவில்லை என்பது முடிவாகிவிடும். இங்கேயோ, பார்த்தோம் பார்த்தோம் என்று சத்தியம் செய்ய மூன்று பட்டதாரிகள் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அந்தக் குக்கர் தூக்கினது எங்கம்மா," என்றேன். ஒத்திகை பார்த்த மாதிரி வரவில்லை. டீயை ஒரு வாய் குடிக்கவும் மறந்துவிட்டேன்.

ஜெர்சன் டீ கிளாஸைப் படியில் வைத்தான்.

"ஏய்... சீரியஸ்லி?" என்றாள் கெசியா.

"ஆக்சுவலி தமிழு," என்றான் ஜெர்சன், "அந்த சீன்தான் படத்தோட சோல்."

ஆறு இருபத்தைந்துக்கு ஓவராக இருந்த அழுகை ஆறு இருபத்தாறுக்கு உயிரோட்டமாக மாறிவிட்டது.

"லாஜிக்கே இல்லன்ன?"

"அதான், அந்த மொமென்ட்ல லாஜிக் இருக்கக் கூடாது. அதான் ஆர்ட்."

"நா அவுட்டுன்னு சொன்னது, எமோஷனல்ல அவுட்டு மச்சி," என்றான் சூர்யா.

"சரி. நாளைக்கு மதியம் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. அவங்க இன்னும் படம் பாக்கல. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "வீட்டுக்கா?" என்றாள் கெசியா.

"தூரமில்ல. மேடவாக்கம் சைடுதான்."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு வந்துவிட்டார்கள். வழியெல்லாம் கெசியாவுக்கு ஆச்சரியம். "லிஃப்ட்டெல்லாம் வொர்க் ஆகுதே!" பின்னே, ஏழு மாடிக்குக் கயிறு கட்டித் தூக்குவோம் என்று நினைத்தாளோ என்னவோ.

"வாங்கப்பா, செருப்ப அங்கியே வுடுங்க," என்றாள் அம்மா. இருந்த இரண்டு நாற்காலியில் ஜெர்சனும் கெசியாவும், சூர்யா கட்டிலில். மிக்சரும் கலர் சோடாவும் வந்தன. அடுப்பில் குக்கர் ஏறியிருந்தது. வினிதா அக்கா வாசற்படியில் சாய்ந்து நின்று, இலவசக் காட்சி பார்க்கத் தயாரானாள்.

"படம் பாத்தீங்களாமே. நா எப்டி கீறேன் தம்பி?" என்று அம்மா நேராக ஜெர்சனைக் கேட்டாள்.

ஜெர்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஆன்ட்டி, நீங்க அழல. வாழ்ந்திருக்கீங்க."

"இல்லப்பா, அழுதேன். ரெண்டு நாளு."

"அந்த க்ளோசப்ல தியேட்டரே சைலன்ட் ஆன்ட்டி," என்றாள் கெசியா. "என் பக்கத்து சீட்ல ஒரு லேடி தேம்பித் தேம்பி அழுதாங்க."

"பக்கத்து சீட்லயா? அவ்ளோ கூட்டமாம்மா?"

"ஹவுஸ்ஃபுல் ஆன்ட்டி!"

அம்மா என்னைப் பார்த்தாள். "அதான் டிக்கெட் கெடிக்கலன்னா இவ."

நான் மிக்சரில் கடலையைத் தேடினேன்.

"நா வெளிய வந்து எங்கம்மாவுக்குப் போன் அட்ச்சேன் ஆன்ட்டி," என்றான் சூர்யா. "தாங்கல." அவன் அம்மா அந்த நேரத்தில் அவனுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்திருப்பார், அதே வீட்டில்.

குக்கர் ஒரு விசில் விட்டது. மூவரும் துள்ளிவிட்டார்கள்.

"அத்தேதான்," என்றாள் அம்மா, அடுப்பைக் காட்டி. "படத்துல வந்த குக்கரு." ஜெர்சன் எழுந்து போய் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அம்மா கேட்டாள். "பொடவ நல்லா தெரிஞ்சுதா? இன்னா கலரு தெரிஞ்சுது?"

"பச்சை," என்றான் ஜெர்சன்.

"மெரூன்," என்றாள் கெசியா, அதே நொடியில்.

வினிதா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"சாயங்கால லைட்ல பச்சை, மெரூன் மாதிரித் தெரியும் ஆன்ட்டி," என்றான் ஜெர்சன். நெற்றியில் வியர்வை. "அது கேமராமேனோட டெக்னிக்."

"ஆமாமா, ரெண்டும் தெரிஞ்சுது," என்றான் சூர்யா.

"அப்டியா," என்றாள் அம்மா. "நீங்கல்லாம் மார்க் போடுவீங்கன்னு தமிழு சொல்லும். எனக்கு எவ்ளோ?"

"ஒன்பதரை," என்றான் ஜெர்சன். நூற்றுக்கணக்கான படங்களில் யாருக்கும் அவன் ஏழைத் தாண்டியதில்லை. கெசியா பத்து என்றாள். சூர்யா பதினொன்று கொடுத்தான். வாடகை வாங்குகிறவர் பிள்ளை, தாராளம்.

சாப்பிட்டார்கள். கறிக் குழம்பு பிரமாதம் என்றார்கள். அது மட்டும் ருசித்துவிட்டுச் சொன்ன விமர்சனம். எனக்கு உள்ளே திருப்தியாகத்தான் இருந்தது. பொய்யோ கிய்யோ, என் அம்மாவின் முகத்துக்கு நேரே மூன்று பேர் பாராட்டிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் தியேட்டரை விட்டுப் படம் ஓடிவிடும். அம்மாவுக்குத் தெரியாமலே போய்விடும்.

வழியனுப்ப லிஃப்ட் வரை வந்தோம். மூவரும் ஏறிக்கொண்டார்கள். அம்மா கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நைட்டிப்பா," என்றாள்.

"என்ன ஆன்ட்டி?"

"பொடவ இல்ல. நைட்டி, மேல ஒரு துண்டு. வூட்ட இடிக்க வர நேரத்துல எவ பொடவ கட்டினு குந்தினு கீறா? சரி வுடு, அந்த சீனுதான் படத்துலயே இல்லியே. பத்ரமா போங்கோ."

கையை எடுத்தாள். கதவு மூடியது. மூன்று முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கி மறைந்தன. லிஃப்ட் நன்றாகவே வேலை செய்தது.

வினிதா அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"எப்போ பாத்த?" என்றேன்.

"வெள்ளிக்கெழம. ஞாயித்துக்கெழம வரைக்கும் யாரு காத்துனு கீறது? மார்க்கெட்டுன்னு சொல்ட்டு நானும் இவளும் தாம்பரம் போனோம். நாங்க ரெண்டு பேரு, முன்னாடி ஒரு ஜோடி, பின்னாடி ஒர்த்தர் தூங்கினு இருந்தாரு. அதான் ஒன்னோட ஹவுஸ்ஃபுல்லு."

"அப்போ ஏம்மா சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்." அம்மா மூடிய லிஃப்ட் கதவைப் பார்த்தாள். "அழுது முடிக்கவே ரெண்டு நாளு ஆச்சுடி. ஒரு வார்த்த சொல்லிட்டு அந்த சீனத் தூக்கியிருக்கலாம்."

நான் வினிதா அக்காவைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

"ஆனா அந்தக் கண்ணாடிக்காரப் புள்ள," என்று அம்மா வீட்டைப் பார்த்து நடந்தாள், "பச்ச மெரூனா தெரியும்னான் பாரு. இன்னாமா நடிக்கிறான்! அவன இஸ்த்துனு போயி நிக்க வெச்சிருந்தா ஒரு நிமிஷம் வெட்டியிருக்க மாட்டாங்கோ. அவனுக்கு ஒம்போதர போடலாம்."

"எனக்கு?" என்றேன்.

"ஒனக்கு நாலு."

"நாலுதானா?"

"ஹவுஸ்ஃபுல்லுன்னு சொல்றப்போ தரையப் பாத்த. வந்து குக்கரக் கழுவு."